அக்கம்பக்கத்துக்குத் தொண்டாற்ற விரும்பும் புதியவர்களுக்கு: சிங்கப்பூர் சமய அமைப்புகளின் வழியே தொடங்குவது எப்படி?

சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டோ ஈராண்டோ ஆகி, வாடகை வீடு, பிள்ளையின் பள்ளி, அலுவலகப் பயணம் எல்லாம் ஒருவாறு பிடிபட்ட பிறகு, “குடியிருக்கும் வட்டாரத்துக்கு நாமும் ஏதாவது செய்யலாமே” என்று நினைப்பவர்கள் பலர். அந்த எண்ணத்தை அவர்கள் முதலில் வாய்விட்டுச் சொல்லும் இடம் பெரும்பாலும் கோயில் வாசலாகவோ பள்ளிவாசல் முற்றமாகவோ தேவாலய மண்டபமாகவோ இருக்கிறது. பல ஆண்டுகளாக வார இறுதிகளில் இத்தகைய இடங்களில் தொண்டூழியம் செய்துவருபவன் என்ற முறையில், அவர்களிடம் நேரில் சொல்லிவருவதையே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஊரில் அன்னதானமும் வழிபாடும் ஒரே மூச்சில் நடக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பார்க்கும் தேவை அங்கே எழுவதில்லை. இங்கே சமய அமைப்புகள் செய்யும் சமூகப் பணி, கருவறையிலிருந்து சில அடிகள் தள்ளி, வேறொரு கணக்குப் புத்தகத்தோடும் வேறொரு கட்டுப்பாட்டோடும் நடக்கிறது. அந்தச் சில அடி இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் உள்ளே வருகிறவர்கள்தாம் ஆறே வாரத்தில் மனம் சலித்துத் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில், சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு நடை

படிவம் எதையும் நிரப்புவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பகோடா ஸ்திரீட் பக்கமாக வெளியே வந்து நேரே நடந்தால், தெருமுனையில் மாரியம்மன் கோயில் கோபுரம் நிற்கும். அந்தக் கோபுரத்தால்தான் அத்தெருவுக்கே அந்தப் பெயர். 1819-இல் பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827-இல் நிறுவிய கோயில் இது. கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்கள் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை இங்கேதான் ஒதுங்கினார்கள். ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களைப் பதிவுசெய்யும் இடமாகவும் இதுவே இருந்தது. அதே வரிசையில் சில கடைகள் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826-இல் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. இன்னும் சற்று நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா. நம்மவர்கள் இந்தத் தீவில் கால்வைத்த நாளிலிருந்தே வழிபாட்டிடம் என்பது தங்கும் விடுதியாகவும் வேலை விசாரிக்கும் சந்தையாகவும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீடாகவும் சேர்ந்தே இருந்திருக்கிறது.

பிறகு நகரம் மாறியது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்து, கம்பங்கள் எனப்படும் கிராமங்களிலும் கடைவீடுகளிலும் இருந்தவர்கள் தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் என்று அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, வழிபாட்டிடங்களும் அவர்களைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. நிலம் கையகப்படுத்தப்பட்டதால் சில சிறு கோயில்கள் ஒன்றாகச் சேர்ந்து புது நகரங்களில் எழுந்தன. முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாக மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பிடித்துச் சேர்க்கும் பள்ளிவாசல் கட்டுமான நிதி 1975-இல் தொடங்கியது. அந்த நிதியில் முதலில் எழுந்தது 1977-இல் திறக்கப்பட்ட தோ பாயோ முஹாஜிரின் பள்ளிவாசல். அரபியில் அச்சொல்லுக்குக் குடிபெயர்ந்தோர் என்று பொருள். இந்த வரலாற்றை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புது நகரத்தில் எழுந்த வழிபாட்டிடம் தன் சமயத்தார் மட்டுமே சூழ்ந்த ஒரு தனிக் குடியிருப்பில் இல்லை. எல்லா இனத்தாரும் கலந்து வாழும் புளோக்குகளுக்கு நடுவே, ஒரு காலி மனையில் வந்து அமர்ந்த அண்டை வீட்டுக்காரன் அது. அது செய்யும் தொண்டு அண்டைவீட்டு மரியாதையோடு நடப்பதன் காரணம் இதுதான்.

அடுத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் குழப்பம், வழிபாட்டிடத்தையும் அதன் சேவைப் பிரிவையும் ஒன்றென்று நினைப்பது. சட்டத்தால் அமைந்த வாரியங்கள் ஒரு வகை. மாரியம்மன் கோயில், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில், கேலாங் ஈஸ்ட் சிவன் கோயில், தோ பாயோ வைராவிமட காளியம்மன் கோயில் ஆகிய நான்கையும் நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம், போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக ஆசிரமம் என்ற மறுவாழ்வு இல்லத்தையும் நடத்துகிறது. 1968 முதல் இயங்கும் முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம், ஸக்காத் என்னும் கட்டாய ஈகை நிதியைத் திரட்டி வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சேர்க்கிறது.

இரண்டாம் வகை, சமயப் பற்றிலிருந்து பிறந்து, இன்று சமூகச் சேவை அமைப்புகளாகவே அறியப்படுபவை. 1928-லிருந்து இங்கே இயங்கும் ராமகிருஷ்ண மிஷன் பார்ட்லி சாலையில் பாலர் பள்ளியும் சிறுவர் இல்லமும் நடத்துகிறது. 1948-இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன் ஈசூனில் தாதிமை இல்லம் நடத்துகிறது; அங்கே படுத்திருப்பவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு, சேர்வதற்குச் சமயம் ஒரு தடையில்லை. 1932-இல் தோன்றிய ஜாமியா என்ற முஸ்லிம் நலச் சங்கம் (முன்பு சொன்ன பள்ளிவாசல் அன்று), 1913-இல் தோன்றிய செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை, மெதடிஸ்டுகளின் நலச் சேவை அமைப்பு, கத்தோலிக்கரின் காரித்தாஸ், கிம் யாம் சாலையில் வந்தவர்க்கெல்லாம் சைவ உணவு பரிமாறும் பௌத்த சங்கம் என்று இந்தப் பட்டியல் நீளும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் வட்டாரத்தில் இவற்றில் எதன் கிளை இருக்கிறது என்று மட்டும் பார்த்துவையுங்கள்.

மூன்றாவது வகை, நீங்கள் வாரந்தோறும் போகும் வழிபாட்டிடமே. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த ஓஃபிர் சாலை லூர்து மாதா தேவாலயமானாலும் உங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் சிறு கோயிலானாலும், துணைப்பாட வகுப்பு, முதியோர் மதிய உணவு, இரத்ததான முகாம் என்று ஏதோ ஒன்று அங்கே நடந்துகொண்டுதான் இருக்கும். தொடங்குவதற்கு இதைவிட எளிய வாசல் வேறில்லை.

உள்ளே நுழையும் முறை

திருவிழா நாளில் போய்ப் பெயர் கொடுக்காதீர்கள். தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் தண்ணீர் கொடுக்க ஆயிரம் கைகள் நீளும். அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் வெங்காயம் உரிக்க ஆள் இருக்காது. சாதாரண வாரநாள் ஒன்றில், கூட்டம் இல்லாத நேரத்தில் அலுவலகத்துக்குப் போய், “எனக்கு இன்ன நாளில் இத்தனை மணி நேரம் ஓய்வு இருக்கிறது, எந்த வேலைக்கு ஆள் குறைகிறது?” என்று கேளுங்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை முதல் மாதம் சொல்லவேண்டாம்.

நான் முதன்முதலில் ஒரு கோயில் சமையற்கூடத்துக்குப் போனது விடியற்காலை ஐந்து மணிக்கு. இடுப்புயர அண்டா இரண்டு அடுப்பில் ஏறியிருந்தன, தரையெல்லாம் ஈரம், நீளமான எவர்சில்வர் மேசையில் முட்டைக்கோஸ் மலையாகக் குவிந்திருந்தது. கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடிக்கப் போனேன். எதிரே, தலையில் வலை மாட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்தே பார்க்காமல், “தம்பி, போட்டோ அப்புறம் எடுக்கலாம். கைய கழுவிட்டு வந்து இத நறுக்குங்க, ஏழு மணிக்குள்ள பொரியல் இறங்கணும்” என்றார். நறுக்கினேன். கிளம்பும்போது அவர் என் பெயரைக் கேட்கவில்லை, “அடுத்த வாரமும் வருவீங்களா?” என்று மட்டும் கேட்டார். மூன்றாம் வாரம்தான் பெயரைக் கேட்டார். அதுவரைக்கும் எத்தனை பேர் ஒருநாள் வந்துவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள் என்று அவருக்குத்தானே தெரியும்!

பள்ளிவாசல் என்றால் ரமலான் மாதம் நல்ல தொடக்கம். பிற்பகலில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். வாளியோடும் டப்பாவோடும் வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். முஸ்லிம் அல்லாத அண்டைவீட்டாரும் வாங்கிப்போவார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் ரமலானில் சேர்ந்தவர்கள் அடுத்த மாதமான ஷவ்வாலில் மறைந்துவிடும் வழக்கம் அங்கும் உண்டு.

வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செய்யும் தொண்டுக்கு ஊதியமாகவோ படியாகவோ எதையும் வாங்காதீர்கள்; உங்கள் அனுமதியின் நிபந்தனைகளைப் பற்றி ஐயம் இருந்தால் மனிதவள அமைச்சிடமே கேட்டுத் தெளியுங்கள். பதவி ஆசை இருந்தால் அதையும் ஒத்திவைக்கலாம்: சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்கவேண்டும், நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்கவேண்டும். முட்டைக்கோஸ் நறுக்குவதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

தாண்டக்கூடாத கோடுகள்

முதலாவது, தொண்டையும் பிரசாரத்தையும் கலக்காதீர்கள். 1990-இல் நிறைவேற்றப்பட்ட மேற்சொன்ன சட்டம், சமயங்களுக்கிடையே பகையோ மனக்கசப்போ விளைவிக்கும் பேச்சையும் செயலையும் தடுக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் சட்டத்துக்கு வெகு முன்பே நின்றுவிடவேண்டிய இடம் ஒன்று உண்டு. பசியோடு இருப்பவரிடம் சோற்றை நீட்டிக்கொண்டே “எங்கள் வழிபாட்டுக்கு வாருங்கள்” என்று சொன்னால், அவரால் மறுக்க முடியாத நேரத்தில் அதைக் கேட்கிறீர்கள் என்று பொருள். பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் எதையும் வைக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து சொற்பொழிவாளரை அழைத்துவரும் யோசனை இருந்தால், குறுகிய காலத்துக்கு வந்து சமயம் குறித்துப் பேசுபவர்களுக்கு மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரிலிருந்து சுற்றுலாவுக்கு வந்த மாமாவை “அப்படியே மேடையில் நாலு வார்த்தை பேசச் சொல்வோமே” என்று ஏற்றிவிட முடியாது.

இரண்டாவது, உணவு. இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு முறை நாங்கள் வாடகை வீடுகள் நிறைந்த ஒரு புளோக்கில் தக்காளிச் சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முழுக்கச் சைவம், யாருக்கும் தடை இருக்காது என்ற நம்பிக்கையில் நான் நான்காம் மாடியில் ஒரு மலாய் மூதாட்டியின் கதவைத் தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை நெஞ்சில் வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். சைவம் என்று இரண்டு முறை விளக்கினேன். மறுபடியும் அதே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார்: இறைச்சி இல்லை என்பது மட்டும் போதாது, எந்தச் சமையற்கூடம், எந்தப் பாத்திரம், சாமிக்குப் படைத்ததா என்பதெல்லாம் அவருக்கு முக்கியம். அன்று வெட்கமாக இருந்தது. இரண்டு முறை விளக்கியதற்காக இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து அந்தப் புளோக்குக்குச் சமைத்த உணவை நிறுத்திவிட்டு, ஹலால் முத்திரை உள்ள அரிசி, எண்ணெய், பிஸ்கட், மைலோ என்று உலர்பொருள் பையாகக் கொடுக்கத் தொடங்கினோம். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, வெங்காயம் பூண்டு சேர்க்காத பௌத்தச் சைவம், நீரிழிவு நோயாளிக்கு ஒவ்வாத இனிப்பு என்று ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கட்டுப்பாடு இருக்கும். கொடுப்பதற்கு முன் கேட்டுக் குறித்துக்கொள்வதற்கே ஒரு முழுநாளை ஒதுக்குங்கள்.

மூன்றாவது, பணம். அறநிறுவனங்களை அறநிறுவன ஆணையர் கண்காணிக்கிறார். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க உரிமம் வேண்டும். நம்மவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கோ ஊரில் வந்த வெள்ளத்துக்கோ வாட்ஸ்அப்பில் பொதுவாக நிதி திரட்டும்போதுதான். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்ட ஆணையரின் அனுமதி தேவை. பேரிடர் நிவாரணம் போன்ற விதிவிலக்குகள் தவிர, திரட்டிய நிதியில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவிடப்படவேண்டும் என்பது விதி. கொடுப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: வழிபாட்டிடத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் காணிக்கைக்குப் பொதுவாக வரிக்கழிவு கிடையாது. பொது நன்மை அமைப்பு என்ற தகுதி பெற்ற சேவைப் பிரிவுக்குக் கொடுத்தால், தொகையைப் போல இரண்டரை மடங்கு கழிவு உண்டு. இந்தச் சலுகை 2026 இறுதி வரைக்கும் அறிவிக்கப்பட்டது.

கடைசியாகத் தகவல் பாதுகாப்பு. உதவி பெறுபவர்களின் அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்டு எழுதிவைப்பதை 2019 செப்டம்பர் முதல் விதிகள் தடுக்கின்றன. பெயர், புளோக், உணவுக் கட்டுப்பாடு, இவை போதும். பொட்டலம் வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடுவது சட்டத்தைப் பற்றிய கேள்விகூட இல்லை. அதைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

பிறர் துன்பம் உங்களிடம் வந்து சேரும்போது

மூன்று நான்கு மாதம் ஒரே இடத்தில் தெரிந்த முகமாகிவிட்டால், சமையற்கூடத்துக்கு வெளியே ஒருவர் தயங்கி நிற்பார். சம்பளம் வரவில்லை என்பார் ஒருவர்; கணவர் அடிக்கிறார் என்பார் இன்னொருவர். சமய அமைப்பு இந்த நகரத்துக்குச் செய்யும் மிகப் பெரிய பணி, என் கணிப்பில், இதுதான்: அரசாங்க அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குபவர்கள் கோயில் தூணருகே நின்று பேசுவார்கள். அதற்காக, கேட்டவர் நீங்கள் என்பதால் தீர்ப்பவரும் நீங்களே என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் நிர்வாகக் குழு நீதிமன்றமும் இல்லை, வங்கியும் இல்லை.

வீட்டில் அடிதடி, பிள்ளை வளர்ப்பு, கடன் தொல்லை என்றால் வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையம். அன்றாடச் செலவுக்கே வழியில்லாத குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்றால் சமூகச் சேவை அலுவலகம். காம்கேர் என்னும் அரசாங்க உதவித் திட்டத்தின் தொலைபேசி எண் 1800-222-0000. பிள்ளைகளின் படிப்பு என்றால் 1991 முதல் இயங்கும் சிண்டா. இது சமய அமைப்பு அன்று, இந்தியச் சமூகத்தின் பொது அமைப்பு. வெளிநாட்டு ஊழியரின் சம்பளப் பிரச்சினை என்றால் மனிதவள அமைச்சோ வெளிநாட்டு ஊழியர் நிலையமோ. உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடமும் கலந்தாலோசிக்காமல் காவல்துறைக்கு 999. எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவதோடு நிற்காமல், முடிந்தால் முதல் முறை கூடவே போய் உட்காருங்கள். படிவத்தின் ஆங்கிலம்தான் பலருக்குச் சுவர். உங்கள் கையிலிருந்து பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள். இதைப் பத்து முறை சொல்லியிருக்கிறேன், பத்து முறையும் யாரும் கேட்டதில்லை; நானும் ஒரு முறை கேட்கவில்லை.

புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்பினால்

தொண்டில் ஓராண்டு முடிவதற்கு முன்பு வேண்டாம். அதன் பிறகும், தனியாகத் தொடங்குவதைவிட இன்னொரு சமயத்தாரோடு சேர்ந்து தொடங்குவது நல்லது; இடம் கிடைப்பதிலிருந்து அண்டைவீட்டார் ஒத்துழைப்பு வரைக்கும் எல்லாம் எளிதாகும். இந்த நகரம் அதற்குப் பழகிய நகரம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள், பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவதை எந்த வார இறுதியிலும் பார்க்கலாம். சமயங்களுக்கிடையிலான அமைப்பு 1949-லிருந்து இயங்குகிறது. வட்டாரந்தோறும் இன, சமய நல்லிணக்கக் குழுக்களும் உண்டு. புளோக்கின் கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதி பெறவேண்டும். குடியிருப்பாளர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒலிபெருக்கி, குப்பை, மிதிவண்டி நிறுத்துமிடம் பற்றிய புகார்கள் பெரும்பாலும் எழாது.

தொடங்கும் திட்டம் சிறியதாக இருக்கட்டும். முப்பது முதியவர்களுக்கு மாதம் ஒரு முறை இரத்த அழுத்தம் பார்ப்பதை மூன்றாண்டு நடத்துவது, முந்நூறு பேருக்கு ஒரே நாள் விருந்து வைப்பதைவிடக் கடினம். வட்டாரத்துக்கு வேண்டியதும் அந்த முப்பது பேருக்கான மூன்றாண்டுதான்.

நம்மிடம் மட்டுமே இருக்கும் ஒன்று

புதிதாக வந்தவர்கள் தங்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை என்று சொல்லும்போது எனக்குத் தாதிமை இல்லங்கள் நினைவுக்கு வரும். அங்கே உள்ள தாதியர் பல நாட்டவர், அன்போடு பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மறதி நோய் முற்றிய தமிழ் முதியவர் பலருக்கு, பின்னாளில் கற்ற மலாயும் ஆங்கிலமும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் தமிழ் மட்டும் தங்கிவிடுகிறது. வலிக்கிறது என்று சொன்னாலும் புரிந்துகொள்ள ஆள் இருப்பதில்லை. உங்கள் தஞ்சாவூர்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் அங்கே மருந்துக்கு நிகர்.

முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரைப் பார்க்க நான் சில காலம் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும், “தம்பிக்கு எந்த ஊரு?” என்றுதான் தொடங்குவார், நான் சொன்னதும், “அங்க மழை பெஞ்சுதா?” என்பார். முதலில் உண்மையைச் சொன்னேன், எனக்குத் தெரியாது என்று. பிறகு, போகும் நாளில் ஊருக்கு ஃபோன் போட்டு மழை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

இத்தகைய இல்லங்களுக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் அந்த இல்லத்தின் தொண்டூழியர் ஒருங்கிணைப்பாளரிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் போகக்கூடாது. தின்பண்டம் எதையும் தாதியிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு துண்டு முறுக்குகூட ஆபத்தாகலாம். கிளம்பும்போது அடுத்து என்றைக்கு வருவீர்கள் என்று அவரிடமும் தாதியிடமும் சொல்லுங்கள். அவர் மறந்துவிடலாம், தாதி குறித்துவைப்பார்; அந்த நாளில் முகம் மழித்து, சட்டை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள்.